ஆறு போல்ட்டும் ஒரு தெத்துப்பல்லும்

புதுப்பட்டினம்,
வியாழக்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய ஆனந்தன் சித்தப்பாவின் சமூகத்துக்கு, உங்கள் அண்ணன் ஏசுதாஸின் ஒரே மகள் சிநேகா பணிவோடு எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் சுகம். ஜெபாவுக்கு எட்டு மாதம் முடிந்து கீழே இரண்டு பல் முளைத்து சுகம். செங்கல்பட்டில் வேலையாக இருக்கும் உங்கள் மாப்பிள்ளை கிருபாகரன் சனிக்கிழமைதோறும் வந்து போகிறார், அவரும் சுகம். அப்பா, கஞ்சி, கூழ், பாலில் ஊறிய இட்லி என்ற அளவில் சுகம். வேடந்தாங்கலில் நீங்களும் சித்தியும், ஏரிக்கு வந்து இறங்கியிருக்கும் பறவைகளும் சுகம் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை ஒரு வாரம் முன்பே எழுதியிருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னியுங்கள். நான் பேனாவை எடுத்தால் ஜெபா அதைப் பிடுங்கி வாயில் வைக்கிறாள், அவளிடமிருந்து பிடுங்கிக் கழுவி வெந்நீரில் போட்டு எடுப்பதற்குள் எழுத நினைத்தது மறந்துவிடுகிறது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு ஜெபாவின் ஞானஸ்நானத்துக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும். வந்து, திரும்பிப் போகும்வரை, உங்கள் பல் யார் கண்ணிலும் படக் கூடாது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நீங்கள் சிரித்தால் நான் போனை எவ்வளவு அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாலும் எதிர்வீட்டுக்குக் கேட்கும். அப்பாவோ அடுத்த அறையில்தான் இருக்கிறார். கடிதம் என்றால் அங்கேயே எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளலாம். நாரைகள் கொஞ்சம் கலைந்து பறக்கும், அவ்வளவுதான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீங்கள் பார்த்த பக்கம் வேறு, எங்கள் வீடு பார்த்த பக்கம் வேறு. அப்பா அன்றைக்கு வம்ச வரலாற்றுப் பகுதியை வாசித்தார். தகப்பன், மகன், பேரன் என்று பதினான்கு தலைமுறை ஒழுங்காக வந்தது. பதினைந்தாவது தலைமுறையில் அவருடைய மேல் பல்செட்டு கழன்று, திறந்திருந்த பக்கத்தின்மேல் விழுந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. முந்நூறு பேர் இருந்த கோயிலில் குழந்தைகூட அழவில்லை. ஆயர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரே ஒருவர் மட்டும் சிரித்தார். அதுவும் சாதாரணச் சிரிப்பா? பின்படிக்கட்டில் நின்று முன்படிக்கட்டுக்குக் குரல் கொடுத்தே முப்பது வருஷம் பழகிய கண்டக்டர் தொண்டை. அதற்குப் பிறகு நீங்கள் மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை வீட்டுக்கு வந்தீர்கள், அதை நான் மறுக்கவில்லை. இரண்டு தடவையும் "அண்ணாத்த, அன்னிக்கு கோயில்ல..." என்பதுவரை ஒழுங்காகச் சொன்னீர்கள். அதற்குமேல் உங்களால் முடியவில்லை. இரண்டாவது தடவை சித்தி உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து அப்பா வேதபாடம் வாசிக்க மேடை ஏறியதில்லை. உங்கள் பெயரைச் சொன்னதில்லை. யாராவது நகைச்சுவை சொன்னால்கூட கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார். ஒன்பது வருஷம் சித்தப்பா, கையால் மூடியே சிரித்திருக்கிறார்.

இப்படியே போயிருக்கும். ஜெபாதான் மாற்றினாள். இரண்டு மாதத்துக்கு முன் அப்பா அவளை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தபோது, அவள் அவர் வாய்க்குள் கையை விட்டு மேல்செட்டை அப்படியே உருவி, தன் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தபோது பாதி உள்ளே இருந்தது. நான் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்தவள். மற்றத் தாய்மார்கள் கிருமி என்று பொதுவாகப் பயப்படுவார்கள், எனக்கு ஒவ்வொன்றையும் அதனதன் முழுப் பெயர் சொல்லிப் பயப்படத் தெரியும். நான் போட்ட சத்தத்தில் ஜெபா அழ, பல்லில்லாமல் அப்பா என்னவோ சொல்ல, அது எனக்கும் புரியாமல் அம்மாவுக்கும் புரியாமல், கடைசியில் அவர் சிலேட்டில் எழுதிக் காட்டுகிற மாதிரி காற்றிலே எழுதிக் காட்டினார்: "குழந்தைய திட்டாத." அன்று சாயங்காலம் செட்டைக் கழுவி டம்ளரில் போட்டவர், அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவராகவே சொன்னார்: "ஞானஸ்நானத்துக்கு நான் பாடம் வாசிக்கணும்மா. கழலாத பல்லு எங்கனா கெடைக்குமா பாரு."

அன்று ராத்திரிக்குள் பதினான்கு கட்டுரை படித்தேன். மறுநாள் செங்கல்பட்டில் மேக்னா என்ற டாக்டரைப் பிடித்தேன். சின்ன வயசு, பொறுமைசாலி. எவ்வளவு பொறுமை என்பது அப்பாவை அழைத்துப்போன பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கும்.

அப்பா கல்பாக்கம் டவுன்ஷிப் ஒர்க்‌ஷாப்பில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டாக்டரிடம்தான் நான் சொல்ல மறந்துவிட்டேன். முதலில் தலையைச் சுற்றிப் படமெடுக்கிற ஸ்கேன் மெஷினில் நிற்க வைத்தார்கள். எல்லாரும் கண்ணை மூடி நிற்பார்களாம். அப்பா கண்ணைத் திறந்து, அது ஒரு சுற்று சுற்றி முடித்ததும், "பேரிங்கு லேசா கத்துது, கிரீஸ் வெய்யுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பிறகு டாக்டர் கம்ப்யூட்டரில் அப்பாவின் மேல் தாடையைத் திருப்பித் திருப்பிக் காட்டி விளக்கினார். "அங்கிள், மேல் தாடை எலும்பு கீழ்த் தாடை மாதிரி கெட்டியா இருக்காது, கொஞ்சம் மெத்துன்னு இருக்கும். பின்பக்கம் எலும்புக்கு மேல காத்து அறை ஒண்ணு இறங்கி வந்திருக்கு. அதுல இடிக்காம இருக்க, முன்னாடி நாலு ஸ்க்ரூ நேரா, பின்னாடி ரெண்டு ஸ்க்ரூ சாய்ச்சு..."

அப்பா கையைத் தூக்கினார். "நில்லும்மா. போல்ட்ட சாய்ச்சா போடுவ? எங்க ஒர்க்‌ஷாப்ல சாய்ச்சு போட்டா மெமோ குடுப்பாங்க."

"சாய்ச்சாதான் அங்கிள் நீளமான ஸ்க்ரூ போட முடியும். பிடிமானம் அதிகம்."

அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கரண்டு கம்பத்துக்கு ஸ்டே கம்பி இழுத்து கட்ற மாதிரின்ற?"

"அதேதான்."

"அப்ப சரி. மேல சொல்லு."

மேலே சொன்னதில்தான் பெரிய சண்டை. சாதாரணமாக ஸ்க்ரூவைப் போட்டுவிட்டு, அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து கவ்வ நாலைந்து மாதம் விட்டுத்தான் பல் மாட்டுவார்களாம். எங்களுக்கு ஞானஸ்நானம் இருப்பதால், மூன்றாம் நாளே தற்காலிகமாக ஒரு பல்வரிசையை அந்த ஸ்க்ரூக்களின் மேல் பூட்டிவிடலாம், ஆனால் முறுக்கும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவும் முப்பத்தைந்து டார்க், அதாவது முறுக்கு விசை, தாங்க வேண்டும், தாங்காவிட்டால் பழைய செட்டுதான் என்றார் டாக்டர். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கான்க்ரீட்ல ஆங்கர் போல்ட்டு போட்டா இருவத்தியோரு நாளு தண்ணி ஊத்தி வுட்டுட்டுத்தாம்மா மெஷின ஏத்துவோம். நீ மெத்துன்னு கீற எலும்புல மூணே நாள்ல லோடு ஏத்துறேன்ற. இன்னா தைரியம்?" டாக்டர் அசரவில்லை. ஆறு ஸ்க்ரூவையும் ஒரே பாலமாகச் சேர்த்துப் பூட்டிவிடுவதால் எதுவும் தனியாக ஆட முடியாது என்றும், ஆனால் மூன்று மாதம் எதையும் கடிக்கக் கூடாது, குழைத்த சாப்பாடுதான் என்றும் சொன்னார். "பேஸ் பிளேட்டு! எல்லா போல்ட்டையும் ஒரே தகட்ல பூட்டுறது!" என்றார் அப்பா. முகம் அப்படி மலர்ந்தது. பிறகு, ட்ரில் எங்கே எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்று ஓட்டை போட்ட பிளாஸ்டிக் அச்சு ஒன்றை டாக்டர் எடுத்துக் காட்டியபோது, மேஜையைத் தட்டியே விட்டார். "ட்ரில் ஜிக்குன்னு சொல்லேம்மா! அத்த வுட்டுட்டு இன்னான்னமோ பேரெல்லாம் சொல்லிகினு கீற!"

நானும் சும்மா இருக்கவில்லை. ஜெபாவின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் நாற்பத்தொரு கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஸ்க்ரூ கண்ணுக்குப் போகுமா, மூளைக்குப் போகுமா, இடி இடித்தால் இழுக்குமா, தாத்தா முத்தம் கொடுத்தால் குழந்தையின் கன்னத்தில் ஸ்க்ரூ உறுத்துமா, எல்லாம் கேட்டேன். டாக்டர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்கிளோட சின்ன வயசு போட்டோ, பல் தெரியற மாதிரி ஒண்ணு இருந்தா கொண்டு வாங்க. அதைப் பார்த்துப் பல்லை வடிவமைக்கலாம்." அப்பா உடனே ஆமோதித்தார். பழைய பீஸ் இல்லாமல் புதுப் பீஸ் செய்யக் கூடாதாம், அது ஃபிட்டர் சட்டமாம்.

இங்கேதான் என் தலையில் நானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொண்டேன் சித்தப்பா. வீட்டில் இருக்கிற அத்தனை போட்டோவிலும் அப்பா வாயை மூடியிருக்கிறார். கல்யாண போட்டோவில் அம்மாகூட லேசாகச் சிரிக்கிறாள், அப்பா ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார். அம்மா ஜெபாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அலமாரியைக் குடைந்தேன். அடியில் ஒரே ஒரு போட்டோ கிடைத்தது. ஆயுத பூஜை அன்று ஒர்க்‌ஷாப் வாசலில் எடுத்தது. நீலச் சட்டை, பாக்கெட்டுக்கு மேலே 'ஏசுதாஸ்' என்று தைத்த பெயர், தலையில் தொப்பி. வெயிலுக்குக் கையை வேறு நெற்றியில் வைத்திருந்ததால் மூக்குக்கு மேலே முழுக்க நிழல். மூக்குக்குக் கீழே முழுக்கப் பல். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து, இடப்பக்கம் அழகாக ஒரு தெத்துப்பல். எங்கள் அப்பா இப்படியெல்லாம் சிரித்திருக்கிறாரா என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, வெர்னியர் வைத்து அளக்கிறவர் மாதிரி வெகுநேரம் பார்த்தார். பிறகு "இதான்" என்றார். டாக்டரிடம் நாற்பத்தொரு கேள்வி கேட்டவள் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. போனில் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு, "அங்கிள், இந்தத் தெத்துப்பல்லை நேராக்கிடட்டுமா, சந்தையும் மூடிடலாம், பார்க்க இன்னும் நல்லா இருக்கும்" என்று கேட்டார். "சாம்பிள் எப்பிடி கீதோ அப்பிடியே போடு. ஒரு நூலு மாறக் கூடாது" என்றார் அப்பா.

போன வாரம் திங்கட்கிழமை ஸ்க்ரூ போட்டார்கள். நான் வெளியே ஜெபாவைத் தூக்கிக்கொண்டு நடந்தே அந்தத் தெருவை அளந்துவிட்டேன். ஐந்து ஸ்க்ரூ முப்பத்தைந்துக்குக் குறையாமல் நின்றதாம். ஆறாவது, பின்பக்கம் இடதில், இருபத்தைந்திலேயே பிடிக்காமல் சும்மா சுற்றிக்கொண்டதாம். டாக்டர் அதைக் கழற்றி இன்னும் கொஞ்சம் தடிமனான ஒன்றைப் போட்டார், அது நாற்பதில் நின்றது. மரத்துப்போன வாயோடு அப்பா வெளியே வந்து என்னிடம் சொன்ன முதல் வார்த்தை "ஓவர்சைஸ்" என்பதுதான். எனக்கு ஜெபா பேசிய மாதிரி கேட்டது. வியாழக்கிழமை புதுப் பல்வரிசையைப் பூட்டினார்கள். கார் வீட்டு வாசலில் நின்றது. அப்பா இறங்கினார். வாசலில் மீன்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, கையால் மூடாமல், முழுசாகச் சிரித்தார். அம்மா கையிலிருந்த சட்டி கீழே போய்விட்டது. சங்கராமீன் மண்ணில் விழுந்ததைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல் என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க? உங்கப்பனுக்கு எப்பிடிடி ஆனந்தன் பல்லு வந்துது?"

"அம்மா, அப்பாவோட பழைய போட்டோ பார்த்துத்தான்..."

"எந்த போட்டோ?"

காட்டினேன். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு அரிசி டப்பாமேல் உட்கார்ந்துவிட்டாள். "அடியேய், இது உங்கப்பா இல்லடி. உன் சித்தப்பன். ஆயுத பூசைக்கு ஒர்க்‌ஷாப்ல ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸு குடுப்பாங்க. உங்கப்பா டூட்டில இருந்தப்ப அவரு சட்டைய மாட்டிகினு போயி லைன்ல நின்னு இன்னொண்ணு வாங்கினு வந்தான். இது ஸ்வீட் பாக்ஸ் சிரிப்புடி!"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அப்பா மீன்காரம்மாவிடம், "மேல் தாடை மொத்தம் புதுசு, ஆறு போல்ட்டு" என்று உங்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

சித்தப்பா, நடந்த தப்பு என்னுடையது. ஆனால் இந்த ஏழு நாளாக இந்த வீடு எப்படி இருக்கிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும். காலையில் கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ் போகிற நேரத்துக்கு அப்பா ரோட்டோரம் போய் நிற்கிறார், பழைய ஆட்களைப் பார்த்துச் சிரிக்க. பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கு யாரென்று தெரிவதற்குள் பஸ் போய்விடுகிறது, அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. இரண்டு வேளையும் அவரும் ஜெபாவும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கிண்ணத்துக் கூழைச் சாப்பிடுகிறார்கள். மேல்வரிசை அவருடையது, கீழே இரண்டு இவளுடையது, இரண்டு பேருக்குமாகச் சேர்த்தால் ஒரு வாய் என்று அம்மா சொல்கிறாள். சாயங்காலம் மொட்டைமாடியில் ஞானஸ்நானத்துக்கான பாடத்தைச் சத்தம் போட்டு வாசித்துப் பழகுகிறார். அதில் மட்டும் ஒரு சின்ன சங்கடம். 'ச' வருகிற இடத்திலெல்லாம் அந்த முன்பல் சந்து வழியாக ஒரு விசில் வருகிறது. உங்கள் விசிலேதான். நீங்கள் சர்வீஸில் இருந்தவரை இரும்பு விசிலே வைத்துக்கொண்டதில்லை என்று அம்மா சொன்னாள். முந்தாநாள் அப்பா ஒரு வசனம் வாசித்து முடிப்பதற்குள் தெருவில் போன ஷேர் ஆட்டோ இரண்டு தடவை நின்றுவிட்டது.

ஆக, இப்போது என் பயம் எல்லாம் இதுதான். இது யாருடைய பல் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? அவர் ஃபிட்டர். ஸ்க்ரூ டிரைவர் வீட்டிலேயே இருக்கிறது. ஸ்க்ரூவை எலும்பு கவ்வுவதற்குமுன் யாராவது தொட்டால் மொத்தமும் வீணாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைவிட, ஒன்பது வருஷம் கழித்து மேடை ஏறுகிறேன் என்று அவராகவே சொன்னது, அதுவும் போய்விடும். மறுபடியும் கை வாய்க்குப் போய்விடும். இதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அம்மா அதற்கும் கூழைத்தான் கொடுக்கிறாள்.

இதில் உங்களை அழைத்ததும் நான்தான். மூன்று வாரம் முன்பு அப்பாவுக்குத் தெரியாமல் கார்டு அனுப்பினேன். நீங்கள் வருவதாக அம்மாவிடம் சொன்னபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். இப்போது வராதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஜெபாவுக்கு இருக்கிறது ஒரே ஒரு சின்னத் தாத்தா. நீங்கள் இல்லாமல் அவள் தலையில் தண்ணீர் ஊற்றினால் எனக்கு அது பாதித் தண்ணீர்தான். அதனால் வாருங்கள். வரும்போது மாஸ்க் போட்டுக்கொண்டு வாருங்கள், கேட்டால் ஜலதோஷம் என்று சொல்லுங்கள். பிரியாணி சாப்பிடும்போது மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளுங்கள், அப்பாவுக்கு அன்றைக்கும் கூழ்தான் என்பதால் அவர் பந்திப் பக்கமே வரமாட்டார். குரூப் போட்டோவில் ஆயருக்குப் பின்னால் நில்லுங்கள், அவர் நல்ல அகலம். பாடம் வாசிக்கும்போது விசில் வரும், அது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், தயவுசெய்து அந்த நேரத்தில் சித்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். அப்படியும் அடக்க முடியாவிட்டால் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுங்கள், நாலு நிமிஷ நடை, அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஐந்து மாதம்தான் சித்தப்பா. பிறகு நிரந்தரப் பல் செய்யும்போது தெத்துப்பல்லை நேராக்கிச் சந்தை மூடிவிடுகிறேன் என்று டாக்டரிடம் ரகசியமாக வாக்கு வாங்கிவிட்டேன். நேற்று அப்பாவிடமும் மெல்ல அந்தப் பேச்சை எடுத்துப் பார்த்தேன். "அந்த ஒரு பல்ல மட்டும் எவனும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வயதானால் பிடிவாதம்தான், என்ன செய்வது. சமாளித்துக்கொள்ளலாம்.

சித்திக்கு என் அன்பைச் சொல்லுங்கள், சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும் சொல்லுங்கள். கர்த்தர் உங்களுக்குத் தீர்க்காயுசையும், நல்ல சுகத்தையும், அன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும் மூடிய உதடுகளையும் அருள வேண்டுமென்று ஜெபித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்,
சிநேகா கிருபாகரன்

பி.கு.: மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை மடித்து ஜெபாவின் டயப்பர் பைக்குள் ஒளித்துவைத்துவிட்டுக் கவர் வாங்கக் கடைக்குப் போனேன். இந்த வீட்டில் அப்பா கைவைக்காத ஒரே இடம் அது. எட்டு மாதமாகக் கைவைக்காதவர் இன்றைக்குப் பார்த்து, பல் வந்த தெம்பில், பேத்திக்கு டயப்பர் மாற்றியிருக்கிறார். திரும்பி வந்தால், ஜெபா மடியில், தாள்கள் எல்லாம் வரிசையாகப் பாய்மேல், காதில் சிவப்புப் பென்சில். 'நாற்பதில் நின்றது' என்று நான் எழுதிய இடத்தை அடித்து 'நாற்பத்திரண்டு' என்று திருத்தியிருக்கிறார். சங்கராமீனை அடித்துக் காரப்பொடி மீன் என்று போட்டிருக்கிறார்.

"எப்பப்பா தெரியும்?" என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது.

"எப்ப இன்னா எப்ப? கார்டு ஒண்ணு கொறைஞ்சப்பவே அவன கூப்ட்டுகீறன்னு தெரியும்."

"இல்லப்பா, போட்டோ. அம்மா சொன்னாங்க, நீங்க டூட்டில இருந்தப்ப..."

"உங்கம்மா இன்னாத்த கண்டா? அந்த போட்டோவ புடிச்சவனே நான்தான். ரெண்டாவது பாக்ஸ யாரு துன்னதுன்னு நினைச்ச?"

"அப்புறம் ஏம்ப்பா 'இதான்'னு சொன்னீங்க?"

அப்பா ஜெபாவின் மோவாயைத் துடைத்துவிட்டார். "எனக்கு முப்பது வயசுலயே மேல் பல்லெல்லாம் சொத்த. சாம்பிள் எடுத்தா நல்ல பீஸா பாத்து எடுக்கணும். எங்க வூட்ல நல்ல பல்லுன்னா அது அவன்துதான்" என்று சொல்லிவிட்டு, கடைசித் தாளை எடுத்து, மிச்சம் இருந்த இடத்தில் அவர் கையால் எழுதியது இது:

டேய் ஆனந்தா, மாஸ்க்கு வேணாம். ரெண்டு நாளு முன்னாடியே வா, இந்த விசில எப்பிடி அடக்குறதுன்னு சொல்லிக் குடு. ஞாயித்துக்கிழம முன் பெஞ்ச்ல உக்காரு. சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோ. ஆறு போல்ட்டு போட்டு கீது. இந்த தபா விழாது.